‘ஸ்மித்’: ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயரின் வரலாறு

மக்கட்பெயர்கள் மொழியாராய்ச்சிக்கும் வரலாற்றாராய்ச்சிக்கும் ஒருங்கே பயன்படுவன. அரசர்தம் வெற்றிகளைக் கல்வெட்டுக்களும் பட்டயங்களும் கூறும். பெருநிலக்கிழாரின் உரிமைகளை ஆவணங்கள் கூறும். உழுதும் நெய்தும் உலையூதியும் வாழ்ந்த எளிய மக்களைப்பற்றி அவை பெரும்பாலும் வாய்திறப்பதில்லை. அத்தகையோர் தம்மைப்பற்றி விட்டுச்சென்ற சான்றுகளுள் ஒன்று அவர்தம் பெயரேயாகும். இங்கிலாந்தில் வழங்கும் குடும்பப் பெயர்களுள் மிகப் பெருவழக்கினதாகிய ‘ஸ்மித்’ என்னும் பெயர் இவ்வுண்மைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. அதன் தோற்றத்தையும் பொருளையும் பரவிய வகையையும் ஆராயுமிடத்து, ஒரு பெயர் எதற்குச் சான்றாகும், எதற்குச் சான்றாகாது என்பதும் உடன்விளங்கும்.

தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பிற் கொண்டு தம் பெயரை எழுதுவோர்க்கு அத்தலைப்பெழுத்துத் தலைமுறைதோறும் மாறும். ஆங்கிலேயர் வழக்கு அன்னதன்று. அவர்க்கு இயற்பெயரொன்று, குடும்பப் பெயரொன்று. முன்னது அவரோடு ஒழிவது. பின்னது தந்தையிடமிருந்து மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாக இறங்கிவருவது. எனினும், இவ்வழக்கு ஆங்கிலேயரிடத்துத் தொன்றுதொட்டே நிலவியதென எண்ணுதல் பொருந்தாது.

சொல்லும் பொருளும்

‘ஸ்மித்’ என்பது பழைய ஆங்கிலச் சொல். உலோகங்களைக் காய்ச்சி அடித்துக் கருவி செய்வோன், அதாவது கொல்லன், என்பது அதன் பொருள். ஆங்கிலத்துக்கு இனமான மொழிகள் பலவற்றிலும் இச்சொல் சிறிது வேறுபட்டு வழங்குகின்றது. ஜேர்மானியர் ‘ஷ்மீட்’ என்பர். ஒல்லாந்தர் ‘ஸ்மிட்’ என்பர். சுவீடன் நாட்டார் ‘ஸ்மேட்’ என்பர். எனவே, இம்மொழிகள் ஒன்றினின்றொன்று பிரிவதற்கு முன்னரே இச்சொல் வழக்கில் இருந்ததெனத் துணியலாம். பண்டை நோர்வேயரின் மொழியில் மரவேலை செய்வோனையும் இச்சொல் குறித்தது. ஆகவே, முதலிற் கைவினைஞர் பலர்க்கும் பொதுவாயிருந்த சொல் பின்னர் உலோகத்தொழிலாளர்க்கே சிறப்பாயிற்று என்பர் மொழிநூலார்.

அடித்தல் என்னும் பொருள்தரும் ‘ஸ்மைற்’ என்ற வினையினின்று இப்பெயர் பிறந்ததென 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியோர் கருதினர். சம்மட்டியால் அடிப்பவன் கொல்லனாதலின் இக்கருத்துக் கேட்டற்கு இனியதாயினும், இக்கால மொழிநூலார் இதனை ஏற்பதிலர். ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு பொருள் காண்போர் இடறுதல் எளிது. இலண்டன் மாநகரில் ‘ஸ்மித்பீல்ட்’ என்னும் பழைய சந்தைவெளி உண்டு. அது கொல்லர் வெளியன்று; ‘மட்டமான வெளி’ என்னும் பொருள்தரும் பிறிதொரு சொல்லின் திரிபே அப்பெயர். 12ஆம் நூற்றாண்டில் இலண்டனை வருணித்த வில்லியம் பிட்ஸ்ரீபன் என்பவரும் அதனை மட்டமான வெளி என்றே குறித்துள்ளார்.

பண்டைக் கொல்லனின் நிலை

பெயரின் பெருமையை உணர்தற்குத் தொழிலின் பெருமையை உணர்தல் வேண்டும். வெசெக்ஸ் நாட்டரசன் ஐனி 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த சட்டத்தில் ஒரு விதி காணப்படுகின்றது. உயர்குடிப் பிறந்தான் ஒருவன் தன் இருப்பிடத்தை விட்டு வேறிடம் செல்லும்போது மூவரைத் தன்னுடன் அழைத்துச் செல்லலாம் என்பது அது. அம்மூவர், அவனுடைய காரியகாரனும் கொல்லனும் குழந்தைகளின் செவிலியும் ஆவர். கொல்லனின்றி ஒரு குடும்பம் புதிய நிலத்தில் வாழ்தல் அரிது என்பது அக்கால மக்களின் கருத்தென்பது இதனாற் பெறப்படும். அதற்கும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முற்பட்டதாகிய கெந்து நாட்டரசன் எத்தல்பேட்டின் சட்டமும் அரசனுடைய கொல்லனைத் தனியே எடுத்துக் குறிப்பிடுகின்றது.

கதைகளிலும் கொல்லனுக்குத் தனியிடம் உண்டு. வேலண்டு என்னும் தெய்வக் கொல்லனின் கதை வடஐரோப்பிய மக்களிடையே பெரிதும் பரவியிருந்தது. 8ஆம் நூற்றாண்டிற் செய்யப்பட்டு இன்று பிரித்தானிய நூதனசாலையில் உள்ள திமிங்கில எலும்புப் பேழையில் அவன் உருவம் செதுக்கப்பட்டுள்ளது. தென் இங்கிலாந்தின் சுண்ணக்குன்றுகளிடையே கி.மு. நான்காம் ஆயிரவாண்டைச் சேர்ந்த கல்லறையொன்று உண்டு. அதனை அமைத்தவர் யாரென அறியாத பிற்காலத்தார் வேலண்டின் கொல்லுலை என அதனை அழைத்தனர். 955ஆம் ஆண்டுப் பட்டயமொன்றிலேயே இப்பெயர் வருகின்றது. வழிப்போக்கன் தன் குதிரையை இரவில் அங்கே கட்டி ஒரு காசையும் வைத்து அகன்றால், விடியுமுன் குதிரைக்கு இலாடம் அடிக்கப்பட்டிருக்கும் என்ற நம்பிக்கை 18ஆம் நூற்றாண்டிலும் அவ்வூராரிடம் இருந்தது.

கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டி வாழ்ந்த எல்பிரிக் என்னும் துறவி, மாணவர்க்கு இலத்தீன் கற்பித்தற்பொருட்டு உரையாடல் நூலொன்றை இயற்றினார். அதில் உழவன், மீன்பிடிப்போன், செம்மான் முதலிய தொழிலாளர் தத்தம் தொழிலின் சிறப்பை எடுத்துரைக்கின்றனர். உழவனுக்குக் கொழுவும், மீன்பிடிப்போனுக்குத் தூண்டில் முள்ளும், செம்மானுக்குக் குத்தூசியும், தையற்காரனுக்கு ஊசியும் தன் தொழிலன்றி எங்கிருந்து கிடைக்கும் என வினவுகின்றான் கொல்லன். அறிஞன் ஒருவன் இடைபுகுந்து, உழவன் உணவு தருகின்றான், உன் உலைக்களத்திலோ தீப்பொறியும் சம்மட்டியோசையும் துருத்திக்காற்றுமன்றி வேறென்ன உண்டு என மறுக்கின்றான். வழக்கில் வென்றவன் உழவனே. ஆயினும், பிற தொழில்கள் அனைத்துக்கும் கருவி தருவது கொற்றொழில் என்பதை அவையில் எவரும் மறுத்திலர்.

தொழிற்பெயர் குடும்பப் பெயரானமை

ஆங்கிலோ-சாக்சனியர் காலத்தில் ஒருவர்க்குப் பெரும்பாலும் ஒரு பெயரே இருந்தது. அல்பிரட், எட்வேட் போன்ற அப்பெயர்கள் இருசொற் புணர்ந்து ஆனவை. சொற்களை மாற்றி மாற்றிப் புணர்த்துப் புதுப்பெயர்கள் பல ஆக்க முடிந்தமையின் ஒருவரை மற்றொருவரினின்று பிரித்தறிதல் எளிதாயிருந்தது. தேவை நேர்ந்தவிடத்து அடைமொழியொன்று சேர்க்கப்பட்டது. 975ஆம் ஆண்டளவில் டேர்ஹம் பகுதியில் வாழ்ந்த எக்கியாட் என்பவன் ‘ஸ்மித்’ என்ற அடையுடன் குறிக்கப்பெற்றுள்ளான். இப்பெயர்க்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளுள் இஃது ஒன்று. ஆயின், இங்கு அது குடும்பப் பெயரன்று; அவன் செய்த தொழிலைச் சுட்டும் அடையே.

1066ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் நிலைமை மாறிற்று. பழைய பெயர்கள் வழக்கொழிந்தன. ஆண்ட வகுப்பாரைப் பின்பற்றிப் பொதுமக்களும் ஒருசில பெயர்களையே தம் மக்களுக்கு இட்டனர். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜோன், வில்லியம், தோமஸ், றிச்சட், றொபேட் என்னும் ஐந்து பெயர்களுள் ஒன்றே ஆண்களிற் பெரும்பாலோர்க்கு அமைந்திருந்தது. ஓரூரிற் பத்து ஜோன்கள் இருப்பின் எந்த ஜோனிடம் வரி தண்டுவது? எந்த ஜோனுக்கு நிலம் உரியது? இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்கவே அடைமொழிகள் பெருகின. அவை நால்வகைப்படும்: தந்தை பெயர்பற்றியன, ஊரும் இடமும்பற்றியன, தொழில்பற்றியன, உருவமும் குணமும்பற்றியன. ஜோன்சன், ஹில், ஸ்மித், பிறவுண் என்பன முறையே அவற்றுக்கு எடுத்துக்காட்டுக்களாம்.

அடைமொழி எப்பொழுது குடும்பப் பெயராகின்றது? தந்தை கொல்லனாயிருந்து மகன் தச்சனாகியபோதும், மகனை ஊரார் ‘ஸ்மித்’ என்றே அழைப்பாராயின் அன்றே அது குடும்பப் பெயராயிற்று. இம்மாற்றம் நோர்மானியப் பிரபுக்களிடையே முதலில் நிகழ்ந்தது. தந்தையின் நிலத்துக்கு உரிமை காட்டத் தந்தையின் பெயர் அவர்க்கு உதவிற்று. பின்னர் நகர வணிகரிடையேயும், ஈற்றில் நாட்டுப்புற மக்களிடையேயும் அது பரவிற்று. தெற்கே 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் அமைந்துவிட்டது. வடக்கே மேலும் ஒரு நூற்றாண்டு சென்றது.

அரசாங்கத்தின் எழுத்துவேலையும் இதற்குத் துணைநின்றது. 1377, 1379, 1381ஆம் ஆண்டுகளில் தலைவரி விதிக்கப்பட்டபோது ஊர்தோறும் மக்களின் பெயர்கள் எழுதப்பட்டன. சிலவிடத்துத் தொழிலும் உடன் எழுதப்பட்டது. அவ்வேடுகளிற் பெயரும் தொழிலும் ஒத்திருப்பாரும் உளர், ஒவ்வாதிருப்பாரும் உளர். 1413ஆம் ஆண்டுச் சட்டமொன்று, வழக்காவணங்களில் ஒருவன் பெயருடன் அவன் நிலை அல்லது தொழிலையும் ஊரையும் எழுதவேண்டுமென விதித்தது. பெயரே தொழிலைத் தவறாது காட்டுமாயின் இவ்விதிக்குத் தேவை நேர்ந்திராது. 1538ஆம் ஆண்டில், பிறப்புச் சடங்கும் மணமும் இறப்புச் சடங்கும் கோயிற்பற்றுத்தோறும் பதியப்படவேண்டுமெனத் தோமஸ் குறொம்வெல் கட்டளை பிறப்பித்தார். அதன்பின் பெயர் ஏட்டில் நிலைத்தது.

பெருவழக்கிற்குக் காரணம்

1853ஆம் ஆண்டுக்குரிய தம் அறிக்கையில், இங்கிலாந்திலும் வேல்சிலும் வாழ்ந்த ஸ்மித்துக்களின் தொகை 253,600 எனப் பதிவாளர் நாயகம் மதிப்பிட்டார். அஃதாவது, 73 பேருக்கு ஒருவர். அடுத்து நின்ற ஜோன்ஸ் என்னும் பெயரினர் 242,100 பேர். தையற்காரன் எனப் பொருள்படும் ரெயிலர் என்னும் பெயரினர் 124,400 பேரே. தொழிற்பெயர்களுள் ஸ்மித்துக்கு நிகரில்லை என்பது வெளிப்படை.

கொல்லர் மிகப் பலராயிருந்தமையே இதற்குக் காரணம் எனச் சிலர் எளிதிற் கூறிவிடுவர். இக்கூற்று ஆராயற்பாலது. இடைக்கால இங்கிலாந்தில் மிகப் பலராய் இருந்தோர் உழவர். ஆயினும், உழவன் என்னும் பொருள்தரும் குடும்பப் பெயர்கள் அருகியே வழங்குகின்றன. ‘பார்மர்’ என்ற பெயரும் அக்காலத்தில் வரியையோ நிலத்தையோ குத்தகைக்கு எடுத்தவனையே குறித்தது. ஊரார் அனைவரும் உழவராயிருக்க, ‘உழவன் ஜோன்’ என்றால் எவனை அறிதல் கூடும்? அடைமொழியின் பயன் ஒருவனைப் பிறரினின்று பிரித்துக் காட்டுதலாம். ஆதலின், ஓரூரில் ஒருவரே செய்யும் தொழில்தான் பெயராதற்கு ஏற்றது.

கொற்றொழில் அத்தகையது. கொழுவும் அரிவாளும் ஆணியும் இலாடமும் வேண்டாத ஊரில்லை; ஆகவே கொல்லனில்லாத ஊரும் அரிது. ஆயின், ஓரூருக்கு ஒரு கொல்லனே போதும். எங்கும் உளன், எங்கும் ஒருவனே உளன் என்னும் இவ்விரண்டும் ஒருங்கமைந்தமையே ஸ்மித் என்னும் பெயரின் பெருக்கத்துக்கு மூலகாரணம். நூறு குடிகட்கு ஒரு கொல்லன் எனக் கொண்டு கணக்கிடினும், 1853ஆம் ஆண்டின் மதிப்பீட்டுக்கு அணித்தான விகிதமே கிடைக்கும். நகரங்களிலோ கொல்லர் பலராய் இருந்தனர். 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலப்பதிவேடு ஹெரபோட் நகரத்துக் கொல்லர் அறுவரைக் குறிக்கின்றது. ஒவ்வொருவரும் தம் உலைக்கு ஒரு பென்னி இறுத்து, அரசனின் இரும்பால் 120 இலாடம் செய்து கொடுத்தல் வேண்டும். வேறு ஊழியம் அவர்க்கில்லை.

இதனாற் பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. ஸ்மித் என்னும் பெயர் ஓரிடத்திற் பிறந்து எங்கும் பரவியதன்று. ஊர்தோறும் தனித்தனியே பிறந்தது. ஆதலின், ஸ்மித்துக்கள் அனைவரும் ஒரு முன்னோன் வழிவந்தவரல்லர். ஸ்மித் குடும்பத்துக்குரியது எனக் கூறிக் குலச்சின்னம் விற்போரும் உளர். ஆங்கில மரபிற் குலச்சின்னம் தனியொருவர்க்கும் அவர் வழியினர்க்கும் அளிக்கப்படுவதன்றி, ஒரு பெயரைத் தாங்கியோர் யாவர்க்கும் பொதுவாவதன்று.

கிளைப்பெயர்கள்

கொற்றொழில் பல பிரிவினை உடையதாதலின் பெயரும் கிளைத்தது. பொற்கொல்லன் கோல்ட்ஸ்மித் ஆயினான்; அம்புமுனை செய்தோன் அரோஸ்மித்; இலாடம் செய்தோன் ஷூஸ்மித்; அரிவாள் செய்தோன் சிக்ஸ்மித். எண்ணுப்பெயர்போல ஒலிக்கும் இவ்விறுதிப் பெயர்க்கும் ஆறு என்னும் எண்ணுக்கும் தொடர்பில்லை. கொல்லன் மகன் ஸ்மித்சன் எனப்பட்டான். ‘ஸ்மைத்’ என்று எழுத்தை மாற்றி எழுதுவோர் தம் குடி உயர்ந்ததென எண்ணுதல் உண்டு. இடைக்கால எழுத்தர் தம் விருப்பப்படி இருவகை இகரத்தையும் மாற்றி எழுதினர். ஈற்றில் ஓரெழுத்தைக் கூட்டியும் எழுதினர். ஆகவே, அவ்வேறுபாடு எழுதுகோலின் வேறுபாடேயன்றிக் குலத்தின் வேறுபாடன்று.

ஐரோப்பிய நாடுகள் பிறவற்றிலும் இந்நிலையே காணப்படும். ஜேர்மனியில் ஷ்மிட், பிரான்சில் லெபேவர், இத்தாலியிற் பெராரி, போலந்திற் கொவால்ஸ்கி, இரசியாவிற் குஸ்னெற்சொவ், ஹங்கேரியிற் கொவாச் என்பன கொல்லன் அல்லது இரும்பு என்னும் பொருளை அடியாகக் கொண்டவை. லெபனானிலும் சிரியாவிலும் பெருக வழங்கும் ஹத்தாத் என்பதும் அரபு மொழியிற் கொல்லனையே குறிக்கும். மொழியாலும் மதத்தாலும் வேறுபட்ட நாடுகள் ஒரு தொழிலின் பெயரைத் தனித்தனியே போற்றி வைத்தமை கருதத்தக்கது. கோர்ன்வால் மக்களின் பண்டை மொழியிற் கொல்லனை ‘அன் கோவ்’ என்பர். 1497ஆம் ஆண்டில் வரிக்கொடுமையை எதிர்த்து இலண்டன்வரை படைநடத்திச் சென்று கொலைத்தண்டம் பெற்ற மைக்கேல் ஜோசெப் என்னும் கொல்லனை அம்மக்கள் இன்றும் ‘அன் கோவ்’ என்றே அழைக்கின்றனர்.

ஏற்ற பெயரும் ஏற்றிய பெயரும்

ஸ்மித் என்னும் பெயரைத் தாங்குவோர் அனைவரும் ஆங்கிலக் கொல்லரின் வழித்தோன்றல்கள் அல்லர். 1465ஆம் ஆண்டில், நான்காம் எட்வேட்டின் ஆட்சியில், அயர்லாந்தில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. டப்ளின், மீத், லவுத், கில்டேர் பகுதிகளில் ஆங்கிலேயரிடையே வாழும் ஐரிஷ் மக்கள் ஆங்கிலேயரைப்போல உடுத்து, ஆங்கிலக் குடும்பப் பெயரும் பூணல்வேண்டும் என்பது அது. ஊர்ப்பெயராகவோ, நிறப்பெயராகவோ, ஸ்மித், காப்பென்டர் போன்ற தொழிற்பெயராகவோ அஃது அமையலாம் என அச்சட்டமே எடுத்துக்காட்டும் தந்தது. இச்சட்டம் எங்கும் செவ்வனே நடைபெறாவிடினும், பிற்காலத்தில் ஆங்கில ஆட்சி வலுப்பெற்றபோது ‘கொல்லன் மகன்’ எனப் பொருள்படும் மக்கவன் குடியினர் பலர், கவன் மாவட்டத்திற் சிறப்பாக, ஸ்மித்துக்களாயினர். பொருள் மாறவில்லை, மொழி பறிபோயிற்று.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இது மேலும் விரிந்தது. அங்குக் குடியேறிய ஷ்மிட்டுக்களும் கொவால்ஸ்கிகளும் அயலாரோடு ஒன்றுதற்பொருட்டு ஸ்மித் எனத் தம் பெயரை மொழிபெயர்த்துக்கொண்டனர். 1917ஆம் ஆண்டில் அந்நாடு ஜேர்மனிக்கு எதிராகப் போரிற் புகுந்தபோது ஜேர்மானியப் பெயரே ஐயத்துக்கு இடமாயிற்று. அவ்வச்சமும் சிலரைப் பெயர்மாற்றத் தூண்டிற்று. 1865ஆம் ஆண்டில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபின், அடிமைத்தளை நீங்கிய ஆபிரிக்க மக்கள் குடும்பப் பெயருடன் ஏட்டிற் பதியப்பட்டனர். அவருட் சிலர் பழைய உடைமையாளரின் பெயரை வைத்துக்கொண்டனர். சிலர் தம்மிடையே முன்னரே மறைவாக வழங்கிய பெயரை வெளிப்படுத்தினர். சிலர் தாமே தெரிந்து கொண்டனர். 2010ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கின்படி அந்நாட்டில் ஸ்மித் என்னும் பெயரினர் 2,442,977 பேர். அங்கும் முதலிடம் அப்பெயர்க்கே. அவருள் ஏறத்தாழ 23 வீதத்தினர் தம்மைக் கறுப்பினத்தவர் எனப் பதிந்தனர். அடிமைப்பட்டோர்க்கு இப்பெயர் முன்னோர் உலைக்களத்திலிருந்து வந்ததன்று; மனிதர் என ஏட்டில் இடம்பெறும் உரிமையோடு வந்தது.

பெயரும் தொழிலும் பிரிந்தமை

இப்பெயரினருட் பலர் தொழிலை மறந்தனர். பொருளியலின் தந்தையெனப் போற்றப்படும் அடம் ஸ்மித்தின் தந்தையார் சுங்க அலுவலர். ஆயினும், 1776ஆம் ஆண்டில் வெளிவந்த ‘நாடுகளின் செல்வம்’ என்னும் நூலில், வேலைப்பிரிவின் பயனை விளக்கப்புகுந்த அவர் கொல்லனையே எடுத்துக்காட்டினார். ஆணி செய்து பழகாத கொல்லன் ஒரு நாளில் இருநூறு முந்நூறு ஆணிகளே செய்வான்; ஆணி செய்தலொன்றையே தொழிலாகக் கொண்ட இளைஞரோ ஒருவர்க்கு 2300க்கும் மேற்பட்ட ஆணிகளைச் செய்வர் என்றார் அவர். ஊர்தோறும் எல்லாக் கருவியும் செய்த கொல்லனின் காலம் முடிவெய்தி ஆலைகளின் காலம் பிறப்பதை உலகுக்கு விளக்கியவரும் ஸ்மித்தே என்பது வியப்புக்குரியது.

பெயரைத் துறந்தோரும் உளர். யோர்க்சயரைச் சேர்ந்த ஹியூ ஸ்மித்சன் என்னும் செல்வர் பேர்சி என்னும் தொல்குடியின் உரிமை பெற்ற பெண்ணை மணந்து, 1750ஆம் ஆண்டிற் சட்டமூலம் பேர்சி என்னும் பெயரைத் தமதாக்கிக் கொண்டார். 1766ஆம் ஆண்டில் நோதம்பலண்ட் கோமகனானார். மணவுறவுக்குப் புறம்பாக அவர்க்குப் பிறந்த ஜேம்ஸ் என்னும் மகன் இளமையில் தாயின் பெயரோடு வாழ்ந்து, தாய் இறந்தபின் தந்தை கைவிட்ட ஸ்மித்சன் என்னும் பெயரையே பூண்டார். இரசாயன ஆராய்ச்சியில் ஈடுபட்ட அவர் 1829ஆம் ஆண்டில் இறந்தார். அவர் கால்வைத்தறியாத அமெரிக்க நாட்டுக்கு, அறிவை வளர்த்துப் பரப்புதற்பொருட்டு அவர் விட்ட பொருளைக்கொண்டு 1846ஆம் ஆண்டில் வொஷிங்ரனில் நிறுவப்பட்டதே ஸ்மித்சோனியன் நிறுவனம். கோமகன் நீக்கிய கொல்லன் பெயரை உலகம் அறிவின் பெயராக அறிகின்றது.

இதுகாறும் கூறியவற்றால், ஸ்மித் என்னும் பெயர் குருதித் தொடர்புக்குச் சான்றன்று என்பதும், குலவுயர்வுக்கோ தாழ்வுக்கோ அளவுகோலன்று என்பதும் புலனாம். அப்பெயரின்கண் ஊர்க்கொல்லனும் உளன்; ஆட்சிக்கு அஞ்சிய ஐரிஷ் குடியானவனும் உளன்; தளை நீங்கிய அடிமையும் உளன்; அறிஞனும் உளன். ஆயின், அது மற்றொன்றுக்குத் தவறாத சான்று. ஓரூர் தன் மக்களுள் ஒருவனை எதனால் நினைவிற் கொண்டதெனின், அவன் பிறப்பாலன்று, செல்வத்தாலன்று, ஊர்க்கெல்லாம் பயன்பட்ட அவன் கைத்தொழிலால் என்பதே அது. அவன் அடித்த கொழுவும் இலாடமும் துருவேறி மண்ணாயின. பட்டடையோசை ஊர்களில் அடங்கிற்று. ஊரார் அவனை அழைத்த பெயர் மட்டும் ஆயிரம் ஆண்டு கடந்தும் அழியாது நிற்கின்றது.